எல்லாம் இணையத்தில் இருக்கிறது

மறைப்பவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. மேஜை இழுப்பறையைப் பூட்டிப் பூட்டிச் சரிபார்க்கிறவர், யாராவது வந்தால் காகிதத்தைக் கவிழ்த்து வைக்கிறவர், போன் அடித்தால் மாடிப்படிக்கு ஓடுகிறவர் ஆகிய இவர்களை நாம் தூரத்திலேயே கண்டுகொள்கிறோம். ஆகவே இவர்களால் பெரிய ஆபத்தில்லை. நான் இங்கே அறிமுகப்படுத்த விரும்புவது இவர்களுக்கு நேர் எதிரான ஓர் இனம். மறைக்காதவர். எதையுமே மறைக்காதவர். எல்லாவற்றையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, அந்த ஒரே காரியத்தால் யாருக்கும் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறவர்.

இந்த இனம் எந்த மண்ணிலும் முளைக்கும். ஆனால் எங்கள் மாநிலத் தலைநகரில், சட்டமன்றக் கட்டடத்தின் நாலாவது மாடியில், சட்டமன்ற நிதி ஆய்வகம் என்ற அலுவலகத்தில் அது தழைப்பதுபோல வேறெங்கும் தழைத்து நான் பார்த்ததில்லை. அந்த அலுவலகத்தின் வேலை சுலபமாகச் சொல்லக்கூடியது. சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தால், அதனால் அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு கணிப்பு எழுதித் தரவேண்டும். ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் ஒரே கணிப்பு, ஒரே நேரம், ஒரே முகபாவம். இரண்டு கட்சிகளும் அந்த அலுவலகத்தைச் சம அளவில் வெறுக்கின்றன. நேர்மைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எந்த ஊரில் கிடைக்கும்?

அங்கே துணை இயக்குநராக இருப்பவர் வெண்டல் ஓஸ்டர். பதவியின் முழுப்பெயர் வெளிப்படைத்தன்மைத் துணை இயக்குநர். உயரமான, கொஞ்சம் கூன் விழுந்த, ஏரிக்காற்றில் சிவந்த மூக்குள்ள, காலை ஏழரைக்கே வந்து காப்பி போட்டுவைத்து அந்தக் காப்பித்தூளின் விலையை ஆய்வகத்தின் இணையதளத்தில் ஏற்றிவிட்டுத்தான் முதல் வாய் குடிக்கிற மனிதர்.

சிரிக்காதீர்கள். காப்பித்தூள் விலையைத் தேடினால் கிடைக்கும். கணிப்புகள் கிடைக்கும். கணிப்பு போடப் பயன்படுத்திய கணினி நிரல் கிடைக்கும். அந்த நிரல் எழுதப்பட்ட கூட்டத்தின் குறிப்பு கிடைக்கும். அந்தக் குறிப்பை எப்படி எழுதவேண்டும் என்று முடிவெடுத்த கூட்டத்தின் குறிப்பும் கிடைக்கும். ஆண்டுக்கொரு முறை ‘நாங்கள் எவ்வளவு தவறினோம்’ என்று ஓர் அறிக்கை போடுவார்கள். கடந்த கணிப்புகள் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தன, ஏன் சாய்ந்தன என்று வண்ணப் படங்களோடு ஒப்புக்கொள்வார்கள். ஓர் ஆண்டு மேலே தவறியதும் கீழே தவறியதும் ஒன்றையொன்று சரிக்கட்டி மொத்தத் தவறு பூஜ்யமாக வந்தபோது அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கேக்கின் விலையும் இணையத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் படிக்கிறவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். வெண்டல் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. வெளியிடுவது அவர் வேலை. படிப்பது உலகத்தின் வேலை. உலகம் அதன் வேலையைச் செய்யாவிட்டால் அதற்கு அவர் என்ன செய்வார்?

வருடம் ஒருமுறை மக்களுக்குக் கதவு திறந்துவிடும் நாள் என்று ஒன்று வைப்பார். எலுமிச்சைக் கேக்கும் காப்பியும் உண்டு. சட்டமன்ற உறுப்பினர்கள் வருவார்கள், கேக் எடுப்பார்கள், ‘அருமையான முயற்சி வெண்டல்’ என்பார்கள், இன்னொரு கேக்கைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போவார்கள். வெண்டல் வருகைப்பதிவைப் பார்த்துப் பூரித்துப்போய் மக்களிடம் ஆர்வம் பெருகிவருவதாக அறிக்கை எழுதுவார்.

வீட்டிலும் இதே மனிதர்தான். இந்த இனத்துக்கு அலுவலகச் சட்டை, வீட்டுச் சட்டை என்று இரண்டு கிடையாது. மனைவி மார்கிட் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் வேகவைத்த பாத்திரத்தை மேஜையில் வைத்து, “எப்படி இருக்கு?” என்று கேட்டால், மற்ற கணவர்கள்போல “பிரமாதம்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடமாட்டார்.

“சுமாருக்கும் நல்லாருக்குன்றதுக்கும் நடுவுல இருக்கு. உப்பு விஷயத்துல மட்டும் எனக்கு நிச்சயமில்ல. காலைல சளி மருந்து குடிச்சேன், அதையும் கணக்குல எடுத்துக்கோ.”

“வெண்டல், நான் ஆய்வகத்துல மனு போடல. சோறு போட்டேன்.”

அவர்கள் கல்யாணம் ஆகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெண் கேட்ட அன்றே தன் குறட்டை, தன் பற்களின் நிலை, தன் அப்பாவின் மூட்டுவலி மூன்றையும் அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மார்கிட் அதை நேர்மை என்று நினைத்து மயங்கிப்போனார். நேர்மைதான். அதில் சந்தேகமில்லை.

வெண்டலுக்கு அடிக்குறிப்பு என்றால் உயிர். ஒரு பக்கக் கணிப்புக்கு மூன்று பக்க அடிக்குறிப்பு போடுவார். இந்தக் கணிப்பில் எந்தெந்தத் துறையின் தரவு பயன்பட்டது, எந்தத் துறை தரவு தர மறுத்தது, தர மறுத்தவர் அன்றைக்கு விடுப்பில் இருந்தாரா, மேற்படி விடுப்பு முறையானதா, இந்தச் சித்திரம் யாரைப் பற்றியதோ அவர்களில் இதைப் படிப்பவரும் ஒருவராக இருக்கக்கூடும் என்பது, கணிப்பை எழுதியவருக்கு இந்த விஷயத்தில் சொந்த நலன் உண்டா என்பது எல்லாம் அதில் இருக்கும். சொந்த நலன் என்ற இடத்தில்தான் நம் கதை ஆரம்பிக்கிறது.

எங்கள் மாநிலத்தின் வடக்கே ஏரிக்குள் ஒரு தீவு இருக்கிறது. கோடையில் படகு நிறையச் சுற்றுலாக்காரர்கள் போவார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோகும். அப்போது அங்கே இருப்பது தீவுக்காரர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் ஒரு படகு பனிக்கு நடுவே போய்வந்துகொண்டிருந்தது. அதை நடத்திவந்த மாவட்டம் இனித் தன்னால் முடியாது என்று கைவிரித்துவிட்டது. மாநிலமே அந்தக் குளிர்காலப் படகை ஏற்று நடத்தவேண்டும் என்று மசோதா வந்தது. மசோதா நிறைவேறினால் படகு ஓடும். இல்லாவிட்டால் பனி விழுந்ததும் பள்ளிக்கூடத்தையும் கடையையும் பூட்டிவிட்டு, பனி உருகும்வரை கரையில் யார் வீட்டிலாவது போய்த் தங்கவேண்டியதுதான்.

அந்தக் கடை ரோஸ்லினுடையது. ரோஸ்லின் மார்கிட்டின் அக்கா. ஆகவே வெண்டல் முதல் காரியமாகத் தன் சொந்த நல அறிக்கையை எழுதி வெளியிட்டார்: ‘துணை இயக்குநரின் மனைவியின் மூத்த சகோதரி மேற்படி தீவில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஆண்டுக்கொரு முறை வான்கோழி விருந்தில் சந்திப்பு நிகழும். உறவு சுமுகமானது.’ கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு மார்கிட், “இதை அவகிட்ட கேட்டியா?” என்றார்.

சொந்த நலன் இருப்பதால் கணிப்பைப் போடும் வேலை ஐரீன் பட்கா என்ற ஆய்வாளருக்குப் போனது. ஐரீன் கெட்டிக்காரி. அவள் கணக்கில் குளிர்காலப் படகு எல்லோரும் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு செலவு வைத்தது. தீவுக்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். ஆய்வகத்தின் எண்ணை எதிர்த்து எங்கள் ஊரில் யாரும் பேசமாட்டார்கள். பேசினால் அந்தப் பேச்சும் வெண்டலின் அடிக்குறிப்பில் ஏறிவிடும்.

மசோதாவைச் சட்டமன்றக் குழு வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொண்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு. வாக்கெடுப்புக்கு முன்னால் வெண்டல் தன் வழக்கப்படி ‘இந்தக் கணிப்பை நாங்கள் எப்படிப் போட்டோம்’ என்ற விளக்கக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். பொதுமக்களுக்காக, எளிய நடையில். யாரும் படிக்காத அந்தக் குறிப்பை எழுதுகிறவர் மட்டுமாவது படித்துத்தானே ஆகவேண்டும்? அப்படிப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது.

படகுக்கு முன்னால் பனியை உடைத்துக்கொண்டு போக ஒரு கப்பல் வேண்டும். ஐரீன் அந்தக் கப்பலின் முழுச் செலவையும் படகின் தலையில் எழுதியிருந்தாள். ஆனால் அந்தக் கப்பல் இரும்புத்தாதுக் கப்பல்களுக்காக எப்படியும் அந்த வழியில்தான் குளிர்காலம் முழுக்கப் போகிறது. அந்தச் செலவை வேறொரு துறை ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. படகு சும்மா பின்னாலேயே போகவேண்டியதுதான். ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிற சாலையின் செலவை அதில் ஓடும் ஒரு பேருந்தின் டிக்கெட்டில் சேர்த்ததுபோல. அந்தச் செலவை எடுத்துவிட்டால் எண் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

வெண்டல் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால்.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? போனை எடுப்போம். ஆனால் ஆய்வகத்தில் திருத்தங்களுக்கென்று ஒரு விதி இருந்தது. எழுதியவர் வெண்டல். விதி மோசமானதென்று சொல்லமுடியாது. அதற்கு ஒரு நல்ல பிறப்பு இருந்தது. பல வருடத்துக்கு முன்னால் ஆய்வகத்தில் யாரோ ஒரு திருத்தத்தை யாரோ ஒருவருக்கு மட்டும் போனில் சொல்லி, அந்த ஒருவர் மற்றவர்களுக்கு முன்னால் ஆதாயம் பார்த்து, அலுவலகத்தின் மானமே கப்பலேறியது. அன்றிலிருந்து விதி: எந்தத் திருத்தமும் எல்லோருக்கும் ஒரே நிமிடத்தில்தான் தெரியவேண்டும். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. நேரத்தைக்கூட யாருக்கும் சாதகமாகத் தேர்ந்தெடுத்ததாகப் பேச்சு வரக்கூடாது என்பதற்காக, வெளியீடு காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் மட்டும்.

பத்து மணி போய்விட்டது. நாலு மணி வரவில்லை. வாக்கெடுப்பு பதினோரு மணிக்கு.

அவர் ஐரீனைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. ஆனால் இந்த இனத்தில் அவள் இன்னும் முழுதாகப் பழுக்காதவள்.

“ஐயையோ, என் தப்புதான் சார். கீழ குழுவுக்கு ஒரு போன் போட்டுடுவோம்.”

“விதி இருக்கு ஐரீன்.”

“அப்ப இப்பவே தளத்துல ஏத்திடுவோம். எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரிஞ்சுடும்ல?”

“பதினோரு மணி ஓட்டுக்காக நேரத்தை மாத்தினாங்கன்னு சொல்லமாட்டாங்களா? அதுவும் என் மனைவியோட அக்கா அங்க கடை வெச்சிருக்கப்போ?”

“சொல்லட்டுமே சார். படகு ஓடும்ல?”

“நாலு மணிக்கு வெளியிடுவோம். முழுசா, தெளிவா. எந்தத் தப்பையும் மறைக்கமாட்டோம்.”

ஐரீன் அவரை ஒரு விநாடி பார்த்தாள். “நாலு மணிக்கு அது திருத்தம் இல்ல சார், இரங்கல் குறிப்பு” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அவளே போனை எடுத்திருக்கலாம். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை; எடுக்கவில்லை. அவளுடைய வாக்கியத்தை வெண்டல் மாற்றுக்கருத்து என்ற தலைப்பில் குறித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மார்கிட்டின் போன்.

“வெண்டல், ஒரே ஒரு கேள்வி. படகு ஓடுமா, ஓடாதா? ரோஸ்லின் இன்னிக்குள்ள குளிர்காலத்துக்குச் சரக்கு சொல்லணுமாம்.”

“மார்கிட், இதுல நான் வாய் திறக்கக்கூடாது. உன் அக்கா அங்க இருக்கான்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“அவ அங்க இருக்கறது அவளுக்கே தெரியும். ஓடுமா?”

“எங்க கணிப்பு இணையத்துல இருக்கு.”

“அதைப் படிச்சுட்டுதான் காலைலேர்ந்து அழுதுக்கிட்டிருக்கா.”

வெண்டலும் மனிதர்தானே. இருமினார். தண்ணீர் குடித்தார். பிறகு, தன்னால் முடிந்த அதிகபட்ச மனிதாபிமானத்தோடு சொன்னார்: “நாலு மணிக்கு மறுபடி ஒருதடவை தளத்தைப் பாக்கச் சொல்லு.”

“நாலு மணிக்கு என்ன இருக்கு?”

“நாலு மணிக்குப் பாத்தா தெரியும்.”

“உன்கிட்ட கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்” என்று மார்கிட் போனை வைத்துவிட்டார்.

திருத்தத்தில் கையெழுத்துப் போடவேண்டிய சட்ட ஆலோசகரின் அறை தரைத்தளத்தில் இருந்தது. வெண்டல் காகிதத்தை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்கு வந்தார். கதவு திறந்தது. உள்ளே மேலிருந்து இறங்கிவந்துகொண்டிருந்தவர் செனட்டர் பெர்னீஸ் கோலார், படகு மசோதாக் குழுவின் தலைவி. குழுவில் ஒன்பது பேர். நாலு பேர் படகுக்கு ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு. மீதி ஒருவர் இவர். எங்கள் சட்டமன்ற லிஃப்டின் வேகம் உலகப் பிரசித்தம். அதற்குள் ஒரு மசோதாவை எழுதி நிறைவேற்றிவிடலாம் என்று கேலி செய்வார்கள்.

“ஏம்ப்பா வெண்டல், நல்லவேளை மாட்டினே” என்றார் செனட்டர். “இந்தப் படகு விஷயம். எனக்கு அந்தத் தீவு ரொம்பப் பிடிக்கும். என் கல்யாணமே அங்க இருக்கற மாதாகோயில்லதான் நடந்துச்சு. ஆனா உங்க நம்பரைப் பாத்தா கை மேல வரமாட்டேங்குது. அது சரிதானே?”

மூன்றாவது மாடி.

சரிதானே. ஒரே ஒரு சொல். அதற்கு ஒரே ஒரு சொல்லில் பதில். வெண்டலின் கையில் இருந்த காகிதத்தில் அந்தச் சொல் தடித்த எழுத்தில் தலைப்பாகவே இருந்தது.

“எங்க கணிப்பு, கணிப்பு போட்ட முறை, நிரல் எல்லாமே இணையத்துல இருக்கு மேடம்.”

“அது தெரியும்ப்பா. சரியா தப்பா?”

“எங்ககிட்ட இருக்கற எந்தத் தகவலும் எல்லாருக்கும் ஒரே நேரத்துல கிடைக்கும். நாலு மணிக்குத் தளத்தைப் பாத்தீங்கன்னா...”

“நாலு மணிக்கு நான் முடி வெட்டிக்கப் போறேன். ஓட்டு பதினொண்ணுக்கு.”

இரண்டாவது மாடி. வெண்டல் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். எழுத்து உள்பக்கமாக. வாழ்நாளில் அவர் ஒரு காகிதத்தை மறைத்துப் பிடித்தது அன்றைக்குத்தான். அதுவும் வெளிப்படைத்தன்மையைக் காப்பாற்றுவதற்காக.

செனட்டர் சிரித்தார். வெண்டலின் தோளில் தட்டினார். “உன்னைப்போல நேர்மையான ஆளை இந்தக் கட்டடத்துலயே நான் பாத்ததில்ல. தப்பா இருந்தா நீ மூச்சுவிடாம அத்தனையும் சொல்லியிருப்பே. நீ ஒண்ணும் சொல்லலன்னாலே நம்பர் சரின்னுதானே அர்த்தம்?”

லிஃப்ட் தரைத்தளத்தில் நின்றது. இது செனட்டர் தாமாகச் செய்துகொண்ட ஊகம், ஆய்வகம் அதற்குப் பொறுப்பல்ல என்று வெண்டல் மனதுக்குள் ஒரு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் கதவு திறந்து, அவர் போயே போய்விட்டார்.

ஐந்துக்கு நாலு. மசோதா தோற்றது.

மாலை நாலு மணிக்கு, ஒரு நிமிடம்கூட முன்பின் இல்லாமல், திருத்தம் வெளியானது. இணையம் பார்க்காதவர்களுக்காகக் கொதிகலன் அறைக்குப் போகும் வழியில் இருக்கிற அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள். எங்கள் மாநிலத்தில் அதைவிட நேர்மையான ஆவணம் அதற்கு முன்னால் வெளிவந்ததில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். என்ன தவறு, ஏன் தவறு, யார் தவறு, எப்போது கண்டுபிடித்தோம், வாக்கெடுப்பு அதற்குள் முடிந்துவிட்டது, அதனால் தீவுக்கு என்ன ஆகும், ஒரு ஆய்வாளர் மாற்றுக்கருத்து தெரிவித்தார் என்று ஒன்றுவிடாமல் இருந்தது. திருத்தங்களை மின்னஞ்சலில் பெறுவதற்குப் பதிவு செய்துகொண்டவர்கள் அன்றைய தேதிக்கு மூன்று பேர். பக்கத்து மாநிலத்தில் ஓய்வுபெற்ற ஒரு கணக்கு வாத்தியார். தவறான மின்னஞ்சலைக் கொடுத்துவிட்ட யாரோ ஒருவர். மூன்றாவது, மார்கிட்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமென்றால் எங்கள் ஊரில் பொரித்த மீன். வெண்டலும் மார்கிட்டும் வழக்கமான கடையில் வழக்கமான மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். மீன் வந்தது. மார்கிட் மீனைத் தொடவில்லை. போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

“பிழை கண்டறியப்பட்ட நேரம், காலை பத்தேகால்” என்று படித்தார்.

“ஆமா.”

“நான் அதுக்கப்புறம்தான் போன் பண்ணேன்.”

“அதுவும் இருக்கு. கீழ பாரு, மூணாவது அடிக்குறிப்பு.”

மார்கிட் கீழே பார்த்தார். ‘மேற்படி இடைப்பட்ட நேரத்தில் துணை இயக்குநரின் மனைவியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. தகவல் எதுவும் வழங்கப்படவில்லை.’

“நாலாவதுல செனட்டர் இருக்காங்க” என்றார் வெண்டல், உதவியாக.

மார்கிட் போனைக் கவிழ்த்து வைத்தார். கையை நீட்டி, வெண்டலின் தட்டிலிருந்த மீனை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, இரண்டையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார்.

திங்கட்கிழமை காலை செனட்டர் கோலார் நாலாவது மாடிக்கு வந்தார். முடி அழகாக வெட்டியிருந்தது. கையில் திருத்தத்தின் பிரதி. யாரோ கொதிகலன் அறைக்கு வழிதவறிப்போனபோது பார்த்துக் கிழித்துக்கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

“லிஃப்ட்ல நீயும் நானும் வந்தது ஒரு மாடி விடாம இதுல இருக்குப்பா. முடி வெட்டிக்கப் போறேன்னு நான் சொன்னதுகூட இருக்கு.”

“முழு விவரமும் தரணும் மேடம்.”

“லிஃப்ட்லயே தந்திருக்கலாமே?”

“உங்களுக்கு மட்டும் சொன்னா மத்த எட்டுப் பேருக்கு அநியாயம்.”

“சரிதான். இப்ப ஒன்பது பேரும் தெரியாமலே ஓட்டுப் போட்டோம். ரொம்ப நியாயமா இருக்கு.”

“மறுபடி எடுத்துக்க முடியாதா மேடம்?” என்று ஐரீன் தன் இடத்திலிருந்து கேட்டாள்.

“அன்னிக்கே குழு கலையறதுக்குள்ள கேட்டிருந்தா எடுத்திருக்கலாம்மா. இனிமே அடுத்த கூட்டத்தொடர்தான். அப்ப பனி உருகியிருக்கும். படகை எவன் வேணா ஓட்டுவான்.” கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தார். “எனக்குப் பொய் சொல்றவனைச் சமாளிக்கத் தெரியும் வெண்டல். முப்பது வருஷமா அதான் தொழில். உன்னை என்ன பண்றதுன்னுதான் தெரியல.”

என்ன பண்ணினார்கள் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். விருது கொடுத்தார்கள். எங்கேயோ இருக்கும் ஒரு நல்லாட்சிச் சங்கம் அந்தத் திருத்தத்தைப் படித்துப் பார்த்து, தன் குற்றத்தைத் தானே இவ்வளவு விரிவாக வெளியிட்ட அலுவலகம் வேறில்லை என்று ஒரு கண்ணாடிக் கேடயம் அனுப்பியது. அந்தப் பக்கம் பார்த்தால் இந்தப் பக்கம் தெரியும் கண்ணாடி. ஐரீன் அதன்மேல் தன் கோட்டை மாட்டிவைக்கிறாள்.

டிசம்பரில் ஏரி உறைய ஆரம்பித்தது. தீவுப் பள்ளிக்கூடம் பூட்டியது. ஒரு சனிக்கிழமை ரோஸ்லின் கடைசிப் படகைப் பிடித்து, இரண்டு பெட்டியும், விற்காமல் மிஞ்சிய பீன்ஸ் டப்பாக்கள் பதினெட்டு அட்டைப்பெட்டியுமாக வெண்டலின் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். பழைய ‘நாங்கள் எவ்வளவு தவறினோம்’ அறிக்கைகள் அடுக்கியிருந்த அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். வெண்டல் மன்னிப்புக் கேட்டார். ரோஸ்லின் அவரைத் திட்டவில்லை. அதுதான் வெண்டலுக்குப் பயமாக இருந்தது.

முதல் வாரத்தில் ஒருநாள் காலை வெண்டல் அலுவலகத்துக்குக் கிளம்பினால், காரைக் காணோம். வாசலில் பனி முழங்கால் உயரம். பேருந்துக்கு நடந்து, மூக்கு உறைந்து, தாமதமாக வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்பினால் ரோஸ்லின் அடுப்படியில் பீன்ஸ் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். கார் வாசலில் நின்றது.

“காரை நீங்க எடுத்துட்டுப் போனீங்களா?”

“ஆமா தம்பி. ஃப்ரிட்ஜ் கதவுல போட்டிருக்கேனே.”

வெண்டல் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். ஒன்றுமில்லை.

“உள்பக்கம் தம்பி. பால் வைக்கிற இடத்துக்குக் கீழ.”

திறந்து பார்த்தார். சின்ன எழுத்தில், தேதி போட்டு, அழகாக எழுதி ஒட்டியிருந்தது.

“காலைல பாத்தேனே, அப்ப இல்லையே?”

“நாலு மணிக்குத்தான் ஒட்டுவேன். வீட்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியணும்ல? உங்களுக்கு மட்டும் முன்னாடி சொன்னா மார்கிட்டுக்கு அநியாயம்.”

மார்கிட் திரும்பி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெந்நீர் தீர்ந்துபோன செய்தியும், அவருடைய கம்பளிக் காலுறை ரோஸ்லினின் காலுக்குப் போன செய்தியும், அவர் ஆசையாக எடுத்துவைத்த ஆப்பிள் கேக்கின் கடைசித் துண்டைப் பற்றிய செய்தியும் அவருக்கு முறைப்படி, முழு விவரங்களோடு, நாலு மணிக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தன. குறைசொல்ல ஒரு ஓட்டை இல்லை. எல்லாமே அங்கே இருந்தது. பார்க்காதது அவர் குற்றம்.

ஜனவரியில் வெண்டல் விதியைத் திருத்தினார். ‘அவசரமான பிழையைச் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் உடனே வாயால் சொல்லலாம்’ என்று ஒரு வரி சேர்த்தார். எளிய, நல்ல வரி. அதை உடனே அமலுக்குக் கொண்டுவரவில்லை. பொதுமக்கள் கருத்துக்காகத் தளத்தில் வைத்தார். யாருக்கும் சொல்லவில்லை. கருத்து சொல்லும் காலம் முடியும்போது பனி உருகி, ரோஸ்லின் தீவுக்குத் திரும்பி, கடையைத் திறந்துவிட்டார். இரண்டு பேர் கருத்து அனுப்பியிருந்தார்கள். கணக்கு வாத்தியார் ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருந்தார். ரோஸ்லின் எழுதியிருந்தது ஒரே வரி: ‘இதை நீங்க சாப்பாட்டு மேஜைலயே சொல்லியிருக்கலாம் தம்பி, நான் எதிர்லதான் உக்காந்திருந்தேன்.’

வெண்டலைப் பார்த்து நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. ஆனால் போன வாரம் மைத்துனன் நிச்சயதார்த்தத்தின் தேதி மாறியதை யாருக்கும் போன் பண்ணிச் சொல்லாமல், வீட்டு வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூங்கொத்துக்கும் யாரோ அனுப்பிய சர்க்கரை வைத்தியத்துக்கும் நடுவில் போட்டுவிட்டு, பழைய தேதிக்குப் பட்டுப்புடவையோடு வந்து நின்ற சித்தியிடம், “குரூப்ல போட்டேனே, பாக்கலையா?” என்று கேட்டவர் யார்? மருத்துவ அறிக்கையை மேஜைமேல் வைத்துவிட்டு, “அங்கதானே இருந்துச்சு, எடுத்துப் பாத்திருக்கலாமே” என்றவர் யார்? நேருக்கு நேர் ஒரு வார்த்தை சொல்லப் பயந்து, ஊருக்கே சொல்லிவிட்டு ஒதுங்கியவர் யார்?

‘இது என்னைப் பற்றியது என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே’ என்று என்மேல் வருத்தப்படாதீர்கள். முறைப்படி தெரிவித்திருக்கிறேன். வெண்டலின் அடிக்குறிப்புகளைப் பற்றிச் சொன்ன பத்தியில், விடுப்பு முறையானதா என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, தெளிவாக இருக்கிறது.

பார்க்கவில்லையா?